ஆடி மாதக் கையெழுத்து

"பங்கெல்லாம் வேண்டாம் தம்பி. பேசுன காச இன்னைக்கே குடுத்துருங்க."

விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டபடியே தவில் அண்ணன் சொன்னார். பதிவு செய்த பாட்டின் வருமானத்தில் பங்கு என்று எழுதிய ஒப்பந்தத் தாளை நீட்டிக்கொண்டு நான் நின்றேன். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்து வருவதையெல்லாம் கொட்டி ஜாஸ் இசையைப் பதிவு செய்து வெளியிட ஒரு சின்ன லேபிள் நடத்துபவனுக்கு அந்தத் தாள்தான் பெருமை. 1971-ல் நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஸ்டான்லி கவெலும் டிரம்பெட் வாசிக்கும் சார்லஸ் டாலிவரும் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் லேபிளைத் தொடங்கியபோது, மூலப் பதிவான மாஸ்டர் டேப் இசைக்கலைஞருக்கே சொந்தம் என்று வைத்தார்கள். மதுரையிலும் அப்படி ஒன்று இருக்கட்டுமே என்ற ஆசை.

"வந்தா பங்குங்கிறீங்க. வராட்டி?"

ஸ்ட்ரீமிங்கில் எங்களுக்கு வருவது டீச்செலவுக்குக் காணாது. என்ன பதில் சொல்ல? பணத்தைக் கொடுத்து, மொத்தச் சம்பளம் என்று எழுதிய வேறு தாளில் கையெழுத்து வாங்கினேன். வேண்டாம் என்பவரிடம் பங்கைத் திணிக்கவா முடியும்?

ஆனால் அது ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் நல்ல தவில்காரர் சிக்குவார் என்று பார்த்துத்தான் தேதி வைத்தேன். அந்த மாதத்தில் அவர் வீட்டுக்கு வருமானம் இருக்காது என்பதும் தெரிந்த விஷயம்தான். கையில் காசு இல்லாத மாதத்தில் ஒருவர் காசைக் கேட்பதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா?

வாசித்தது பன்னிரண்டு பார் ப்ளூஸ், பன்னிரண்டு தாளக் கட்டங்கள் சுற்றிச் சுற்றி வரும் வடிவம். ஏசி ஓடினால் தோலின் நாதம் மாறுகிறது என்று அணைக்கச் சொல்லிவிட்டார். வேர்க்க வேர்க்க வாசித்தோம். ஜாஸின் சாய்ந்தாடும் தாள நடையான ஸ்விங்கை நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே, "நம்ம மூணு எண்ணிக்கை திஸ்ரம் மாதிரி சாயுது, அவ்வளவுதானே" என்றார். கடைசிச் சுற்றில் யாரும் கேட்காமலே ஒரு தீர்மானம் வைத்தார், மூன்று தடவை வாசித்து முடிக்கும் தாளக் கோர்வை. மூன்றாவது தடவை அது தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து இறங்கியபோது நான் பியானோவிலிருந்து கையை எடுத்திருந்தேன்.

பின்னாளில் ஒரு விளம்பரப் படத்துக்குக் கேட்டு வாங்கியது அந்தத் தீர்மானத்தை மட்டும்தான். என் பியானோ அதில் கிடையாது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், ஒருவர் நிகழ்த்தியது வணிகப் பயன்பாட்டுக்குப் போனால் அவருக்கு ராயல்டி உண்டு என்கிறது. கையெழுத்தைக் காட்டி நான் தப்பிக்க நினைக்கவில்லை. ஸ்டூடியோ வாடகை, மிக்ஸிங் செலவு எல்லாம் கழித்து, மிச்சத்தில் பாதியைக் கவரில் போட்டு அவர் வாசித்துக்கொண்டிருந்த மண்டபத்துக்கே கொண்டுபோனேன். செலவை ஏன் முதலில் கழித்தாய் என்று யாராவது கேட்டால் லேபிள் நடக்க வேண்டாமா என்பேன். யாரும் கேட்கவில்லை.

கவரைப் பிரிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டார். "அடுத்த வேலைக்கு அட்வான்ஸா வச்சுக்கிறேன்."

"அட்வான்ஸ் இல்லண்ணே, இது உங்க பங்கு."

"வாசிக்காம வாங்கிப் பழக்கமில்ல தம்பி. தேதியச் சொல்லுங்க."

மறுத்துப் பேசியிருக்கலாம். உள்ளே கெட்டிமேளம் என்று குரல் கேட்டது, அவர் எழுந்து போய்விட்டார். அது என்னிடம் கடன்படாமல் இருக்கும் ரோஷமா, நான் சொன்னதை நம்பாததா, இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பணம் என் கணக்கில் ராயல்டி, அவர் கணக்கில் முன்பணம்.

அடுத்த பதிவை ஆடியில் வைக்கக்கூடாது, தையில் வைத்துத் திரும்பவும் பங்கு பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தையில் எந்தத் தவில்காரர் ஸ்டூடியோவுக்கு வருவார் என்றுதான் தெரியவில்லை.