எஸ்.எஸ்.டி. மாற்றிய பின்னும் தீராத மந்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே நினைவு மலர்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து கொடுப்பது என் தொழில். இறந்தவருக்காகச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் மலர்கள்தான் அதிகம் வரும். இந்த வேலையில் நாளைத் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. முப்பத்தோராம் நாள் காலை, மண்டபத்துக்கு வருகிறவர்களின் கையில் மலர் இருக்க வேண்டும். கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் கடைசி நேரத்தில் அனுப்பும் படங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் வம்சாவளித் திருத்தங்கள், விடுபட்டுப்போன ஒரு மருமகனின் பெயர் என்று எல்லாவற்றையும் சேர்த்து, இருபத்தைந்தாம் நாள் அளவில் அச்சகத்துக்கு பி.டி.எஃப். போய்விட வேண்டும்.

இந்த வேலை முழுவதையும் சுமந்துவருவது 2013இல் வாங்கிய ஒரு மேசைக் கணினி. இன்டெல் எச்61 மதர்போர்ட், மூன்றாம் தலைமுறை ஐ3, 8 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புதுக் கணினி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அதன் பிறகு மந்தம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. தொடங்கி முடிய மூன்று நிமிடம், ஒரு படக் கோப்புறையைத் திறக்க இன்னும் ஒன்று. 'எஸ்.எஸ்.டி. போடுங்கள், அக்கா, புதிது போல ஆகிவிடும்' என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போட்டேன். ஹார்ட் டிஸ்க்கைப் போலச் சுழலும் தட்டு இல்லாமல், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க் அது. 480 ஜி.பி. கொண்ட சாதாரண சாட்டா வகை, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் செருகக்கூடியது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஓர் இரவு முழுக்க அதில் குளோன் செய்து (அப்படியே பிரதி எடுத்து), காலையில் பழையதைக் கழற்றி, அது இருந்த இடத்தில், அதே கேபிளில் புதியதைச் செருகினேன்.

அன்று காலை கணினி 25 விநாடியில் தொடங்கியது. மகிழ்ச்சியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பின்னேரமே தொல்லை ஆரம்பமானது. ஒரு படத்தைத் திறக்கச் சொடுக்கினால் மவுஸ் நகரும், வேறொன்றும் நகராது. பெட்டியின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பத்து விநாடி, சில வேளை அரை நிமிடம். பிறகு ஒன்றும் நடக்காதது போல எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவானதுதான், ஆனாலும் அதன் மெதுவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இது எப்போது நிற்கும் என்றே தெரியாது. கையில் இருந்ததோ 64 பக்க மலர். இறந்தவர் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். அவருடைய மாணவர்கள் எழுதியனுப்பிய நினைவுக் குறிப்புகளே இருபதுக்கு மேல். அன்று பதினெட்டாம் நாள்.

எஸ்.எஸ்.டி. வாங்கிய கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். குளோன் செய்தால் இப்படித்தான் வரும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள் என்றார்கள். என்னைப் போன்ற ஒருவருக்கு அது அவ்வளவு இலேசில் சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்காகச் சேர்த்துவைத்த எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், அச்சகம் கேட்கும் நிற அமைப்புகள் என்று எல்லாவற்றையும் திரும்ப நிறுவ இரண்டு நாளாவது வேண்டும். அந்த இரண்டு நாள் என்னிடம் இல்லை. என்ன கெட்டிருக்கிறது என்றே பார்க்காமல் எல்லாவற்றையும் அழி என்று சொல்வது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. மாடிவீட்டில் இருக்கும் தம்பி கணினி படிக்கிறவர். அவர் மட்டும், "அக்கா, அழிக்க முதல் அளந்து பாருங்கள்" என்றார். அப்படியே செய்தேன்.

முதலில் பெட்டியில் அச்சடித்திருந்த வேகத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. விநாடிக்கு 550 மெகாபைட் வரை என்று அதில் இருந்தது. எச்61 மதர்போர்டில் உள்ளவை சாட்டா இரண்டாம் தலைமுறைத் துளைகள், அதாவது விநாடிக்கு 3 கிகாபிட். ஒவ்வொரு பைட்டையும் 10 பிட்டாக அனுப்புவதால் அது 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது, நடைமுறையில் 270 அளவில் நிற்கும். எனவே 550 என் கணினியில் ஒருநாளும் வராது. அதற்காக வருந்தத் தேவையுமில்லை. நாளாந்த வேலையில் நாம் உணரும் வேகம், சிதறிக் கிடக்கும் சிறிய கோப்புகளை வாசிக்கும் வேகம்தான். அங்கே ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாது. எஸ்.எஸ்.டி. சாட்டா இரண்டிலும் 20 மெகாபைட்டைத் தாண்டும்.

கிறிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருளால் அளந்தபோது எனக்குக் கிடைத்த தொடர் வாசிப்பு வேகம் முதல் தடவை 118. இரண்டாம் தடவை 64. மூன்றாம் தடவை சோதனை பாதியில் அப்படியே நின்றது. 270 வரவேண்டிய இடத்தில் 118 வந்ததைவிட, மூன்று தடவைக்கும் மூன்று எண்கள் வந்ததுதான் என்னை உறுத்தியது. எஸ்.எஸ்.டி. மலிவானது, அதுதான் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் பாதியில் நிற்பதற்கு அது காரணமாகாது. வழியில் ஏதோ தடுக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

விண்டோஸ் தொடங்க முன் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய்ப் பார்த்தபோது, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஐ.டி.இ. என்ற பழைய வகையில் இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கணினியைப் பொருத்தியவர் அப்படியே விட்டிருக்கிறார். எஸ்.எஸ்.டி.க்கு அதற்குப் பின் வந்த ஏ.எச்.சி.ஐ. முறைதான் பொருந்தும். அந்த முறையில் 32 கட்டளைகள் வரை வரிசையில் வைத்து, வசதியான ஒழுங்கில் முடிக்கலாம். ஆனால் பயோஸில் மட்டும் மாற்றிவிட்டுத் தொடக்கினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். விண்டோஸின் அமைப்புப் பக்கத்தில், அவசியமானவற்றை மட்டும் இயக்கும் 'சேஃப் மோட்'டில் தொடங்கும்படி முதலில் குறித்துவிட்டு, மறுதொடக்கத்தின்போது பயோஸில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றி, சேஃப் மோட்டில் ஒருதடவை உள்ளே போய், அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 10இல் எனக்கு இது முதல் முயற்சியிலேயே வேலைசெய்தது. அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் டிரிம் இயங்குகிறதா, டிஸ்க்கின் பகிர்வு (சி டிரைவ் போன்ற பகுதி) 4096 பைட்டின் மடங்கில் தொடங்குகிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் சரி.

மாற்றத்தால் சிறிது வேகம் கூடியது. நிற்பது நிற்கவில்லை.

அன்றிரவு, கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலைசெய்தேன். கணினி உறைந்து மீண்டதும் அதைப் பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருந்ததாகக் காட்டியது. ஆனால் அந்த நேரம் முழுவதும் வாசித்த அளவு பூச்சியம், எழுதிய அளவும் பூச்சியம். ஒரு மில்லி விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டிய எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கான மில்லி விநாடி எடுத்திருந்தது. அப்படியென்றால் டிஸ்க் வேலைசெய்யவே இல்லை, கணினி அதன் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் அதே நேரங்களில் 129 என்ற எண்ணுடன் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. பதில் வராததால் டிஸ்க்குக்கு ரீசெட் கொடுத்ததாக விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த ஒவ்வொரு தடவைக்கும் அங்கே ஒரு வரி இருந்தது.

பிறகுதான் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் பார்த்தேன். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். 'நலம்' என்று நீல நிறத்தில் பெரிதாகக் காட்டும் அந்தக் கட்டத்தோடு பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, இணைப்பு வேகம் காட்டும் வரி. அதில் 'சாட்டா/150 | சாட்டா/600' என்று இருந்தது. வலப்பக்கம் இருப்பது டிஸ்க்கால் முடிந்த உச்சம், இடப்பக்கம் இருப்பது இப்போது உண்மையில் ஓடும் வேகம். என் மதர்போர்டில் இடப்பக்கம் 300 இருக்க வேண்டும். 150 என்றால், இணைப்பு நம்பகமாக இல்லாததால் இரு பக்கமும் கீழ்வேகத்துக்கு இறங்கி ஒத்துக்கொண்டிருக்கின்றன.

மற்றது, சி7 என்ற வரி. கேபிள் வழியாகத் தரவு போகும்போது ஒவ்வொரு பொதியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகும். வாங்கும் பக்கம் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தப் பொதியை ஒதுக்கிவிட்டுத் திரும்பக் கேட்கும். அப்படிப் பொருந்தாமல் போன தடவைகளின் எண்ணிக்கைதான் சி7. தரவு கெடாமல் காப்பாற்றப்படுகிறது, நேரம்தான் போகிறது. என் திரையில் 3எஃப்0 என்று இருந்தது. இது பதினாறடிமான எண் என்று மாடிவீட்டுத் தம்பி சொல்லித் தந்தார். சாதாரணக் கணக்கில் 1008. புதிய டிஸ்க், மூன்று நாள் வயது, 1008 பிழை. நூற்றுக்கணக்கான படங்கள் கொண்ட ஒரு கோப்புறையைத் திறந்தேன். கணினி ஒருதடவை உறைந்து மீண்டது. திரும்பப் பார்த்தபோது 3எஃப்7, அதாவது ஏழு கூடியிருந்தது.

இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது இன்னும் கூடுகிறதா என்பதே கேள்வி. என்னுடையது கண் முன்னாலேயே கூடியது.

பெட்டியைத் திறந்து, கேபிளின் ஒரு முனையை மதர்போர்டில் வேறு துளைக்கு மாற்றினேன். எண் தொடர்ந்து கூடியது. மின்சாரக் கேபிளை மாற்றினேன். அப்போதும் கூடியது. மிஞ்சியது 2013இல் மதர்போர்டோடு வந்த அந்தச் சிவப்புச் சாட்டா கேபிள் மட்டும்தான். கழற்றிக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, முனையின் உள்ளே இருக்கும் ஏழு தகடுகளில் இரண்டு மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தன. எங்கள் வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் இருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டினால் கடல். யன்னல் கம்பிகள் எத்தனை தடவை பூசினாலும் துருப்பிடிக்கும். ஏ.சி.யின் வெளிப்பெட்டி இரண்டு ஆண்டுகளில் உதிரத் தொடங்கிவிடும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கேபிளை மட்டும் உப்புக்காற்று விட்டுவைக்கும் என்று நான் ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. காற்றாடி அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய், யுனிட்டி பிளாசாவில் பூட்டுப்பல் வைத்த சாட்டா கேபிள் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபா ஆகவில்லை. வீட்டுக்கு வந்து செருகும்போது 'கிளிக்' என்று பூட்டிய சத்தம் கேட்டது. பழைய கேபிளில் அந்தப் பல்லே கிடையாது.

இணைப்பு வரி 'சாட்டா/300 | சாட்டா/600' ஆனது. வேகச் சோதனை மூன்று தடவையும் 268க்கும் 271க்கும் இடையில். சி7 அப்போது 4பி2இல் இருந்தது, அதாவது 1202. படக் கோப்புறையைத் திறந்தேன், மூடினேன், 9 ஜி.பி. படங்களைப் பிரதி எடுத்தேன். 4பி2. மலர் முழுவதையும் பி.டி.எஃப். ஆக்கினேன். அப்போதும் 4பி2. பதிவேட்டில் 129 ஒன்றுகூட இல்லை. கண்கள் கலங்கிவிட்டன. இருபத்தோராம் நாள் பிறந்திருந்தது, எனக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மலர் இருபத்தைந்தாம் நாள் மாலையே அச்சகத்துக்குப் போனது. ஆசிரியையின் இளமைக்காலப் படம் ஒன்றைப் பொறுமையாக இருந்து கீறல் நீக்கித் திருத்தவும் நேரம் கிடைத்தது.

வேலை ஓய்ந்த பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை, காப்புப் பிரதிக்காகப் புதிய கேபிளில் இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்தினேன். அதன் சி7இல் ஏ6, அதாவது 166 பிழை. கெட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. இந்தக் கேபிள் வெகுநாட்களாகவே கோளாறாக இருந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான மெதுவுக்குள் அது ஒளிந்துகிடந்திருக்கிறது. நான் கழற்றிச் செருகியதில் உரசுப்பட்டு இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்த ஒரு டிஸ்க்கை இரண்டு ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதைப் பொருத்தியதும் ஃபோட்டோஷொப் மட்டும் மறுபடி மெதுவானது. இதற்குக் காரணம் தேட அரை மணிநேரம்தான் ஆனது. ஃபோட்டோஷொப் தற்காலிகக் கோப்புகளை எழுதும் இடம் டி டிரைவ் என்று பழைய அமைப்பில் இருந்தது. பழைய டிஸ்க் வந்ததும் டி என்ற எழுத்தை அது எடுத்துக்கொண்டது. இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. குளோன் செய்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அமைப்புகள் அப்படியே கூட வருகின்றன.

4பி2 என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பௌர்ணமி விடுமுறைக்கு வேலை இராது, அன்று எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன். டி.வி.டி. டிரைவுக்குப் போகும் கேபிளும் அதே வயதுதான். போன பௌர்ணமிக்கு அதையும் கழற்றி எறிந்துவிட்டு, அதே பூட்டுப்பல் வகையில் இன்னொன்று வாங்கி மாட்டிவிட்டேன்.