சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஏற்றம்

மலைப்பூங்காவின் மண்பாதைகளில் 28 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவதென்று முடிவு செய்த நாளிலிருந்து, மாலைதோறும் என் மேசையில் விரிந்து கிடப்பது சமஉயரக் கோட்டு வரைபடம்தான். தூரம் என்னை அச்சுறுத்தவில்லை. மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்பதே யோசிக்க வைக்கிறது. ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் உயர்ந்தால் சராசரிச் சரிவு 10 சதவீதம் என்று கணக்கு சொல்லும். ஆனால் அதற்குள்ளேயே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நெருங்கும் துண்டு ஒன்று இருந்தால், அங்கே சரிவு 18 சதவீதத்தைத் தொடக்கூடும் என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது. சென்ற முறை அப்படியொரு துண்டில்தான் முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப, நான் இறங்கி வண்டியைத் தள்ளினேன்.

ஆகவே இம்முறை சுற்றின் தொடக்க இடத்தை மாற்றி, கால்கள் களைப்பதற்கு முன்பே, முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் அந்த ஏற்றம் வரும்படி அமைத்திருக்கிறேன். என் சைக்கிளின் மிக இலகுவான கியரில் முன்னால் 32 பற்கள், பின்னால் 51; பெடலை முழுச்சுற்று மிதித்தாலும் பின்சக்கரம் முக்கால் சுற்றுகூட உருளாது. நடப்பவர் முந்திச் செல்லும் வேகம்தான் என்றாலும், இருக்கையின் நுனிக்கு நகர்ந்து மார்பைத் தாழ்த்தினால் முன்சக்கரம் தரையிலேயே நிற்கும்.

டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் சரளையில் பிடிமானம் கூடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் சக்கரத்தின் உலோக விளிம்பு கல்லில் இடிக்கும். பிரேக் கட்டைகளை மாற்றியாகிவிட்டது. முந்தைய இரவு மழை பெய்தால், ஈரமண்ணில் தடம் பள்ளமாகிவிடும் என்பதால், பயணத்தைத் தள்ளிவைப்பேன்.