செப்டம்பர் முதல் ஜனவரி வரை அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் மாதம் பிறந்ததும், பெருந்தொகைக் கட்டணத்தில் ஃபேன்டஸி ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து ஆடும் விளையாட்டு) போட்டிகள் நடத்தும் அமைப்பாளர்களிடமிருந்து எனக்கு மின்னஞ்சல்கள் வரிசையாக வந்து சேரும். முதல் பரிசைச் சென்ற ஆண்டைவிட உயர்த்தியிருப்பதாக ஒருவர் எழுதுவார்; குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டினால் இரண்டாவது அணிக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று இன்னொருவர் எழுதுவார். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இந்தப் போட்டிகளில் விளையாடி வருபவன் என்ற முறையில், இந்த அமைப்பாளர்கள் ஒருவரையொருவர் முந்தச் செய்யும் முயற்சிகளை நான் அக்கறையோடு கவனித்து வருகிறேன். ஓர் அணிக்காக நான் கட்டும் ஏறக்குறைய 2,000 டாலர் செப்டம்பரில் என் கையை விட்டுப் போனால், பரிசாகத் திரும்பி வருவதென்றாலும் ஜனவரியில்தான் வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அந்தப் பணம் யாருடைய கணக்கில், என்ன பாதுகாப்பில் இருக்கிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. எனக்கு வரும் விளம்பரங்களில் இதற்கு விடை சொல்பவை மிகச் சிலவே.

விளையாட்டின் முறை எளியது. பன்னிரண்டு பேர் ஒரு லீகாகச் சேர்ந்து, அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லின் வீரர்களை டிராஃப்ட் முறையில் ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வீரர்கள் உண்மையான ஆட்டங்களில் முன்னேறும் கஜங்களுக்கும், பிடிக்கும் பந்துகளுக்கும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் டச்டவுன்களுக்கும் வாரந்தோறும் புள்ளிகள் கிடைக்கும். பெருந்தொகைப் போட்டிகளில் இத்தகைய லீகுகள் பல ஒரே விதிகளின் கீழ் இணைக்கப்படுகின்றன; ஒவ்வொரு லீகிலும் முன்னணிக்கு வந்த அணிகள் பருவத்தின் இறுதி வாரங்களில் ஒட்டுமொத்தமாக மோதுகின்றன. லீகை வென்றவருக்கு ஒரு பரிசும், அனைவரையும் வென்றவருக்கு ஒரு பெரும் பரிசும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்பு, புதிதாகத் தொடங்கிய ஓர் அமைப்பாளரின் போட்டியில் என் லீகை நான் வென்றேன். கட்டணம் மற்றவர்களுடையதைவிடக் குறைவு, முதல் பரிசோ அதிகம் என்பதைத் தவிர, அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. ஜனவரி இறுதியில் வர வேண்டிய பரிசு மார்ச் வரை வரவில்லை. வங்கி மாற்றம், கணக்குத் தணிக்கை என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புதிய காரணம் வந்தது. ஜூலையில் பாதித் தொகை வந்து சேர்ந்தது. மீதி இன்றுவரை வரவில்லை. அந்த ஜூலை மாதத்திலேயே அவர் அடுத்த பருவத்துக்கான கட்டணங்களை வசூலிக்கத் தொடங்கியிருந்தார் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். எனக்கு வந்த பாதித் தொகை எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது, இழந்ததைவிடப் பெற்றதுதான் என்னை அதிகம் வருத்தியது.

இந்தத் தொழில் இந்நிலைக்கு வந்த பாதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், 1962ஆம் ஆண்டு அணியின் பயணத்தின்போது நியூயார்க் விடுதி ஒன்றில் சிலரோடு சேர்ந்து இந்த விளையாட்டின் விதிகளை வகுத்தார். 1963இல் முதல் டிராஃப்ட் நடந்தது. வெகுகாலம் இது அறிமுகமானவர்களுக்கு இடையிலான பந்தயமாகவே இருந்தது. தோற்றவர் பணம் தராவிட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்பதால், பணத்தின் பாதுகாப்பு ஒரு கேள்வியாகவே எழவில்லை. 2002இல் லாஸ் வேகாஸில் தொடங்கிய வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஆஃப் ஃபேன்டஸி ஃபுட்பால், 2 லட்சம் டாலர் முதல் பரிசை அறிவித்து, முன்பின் அறியாதவர்களை ஒரே கூடத்தில் அமர்த்தியபோதுதான் நிலைமை மாறியது. இரண்டு ஆண்டுகளில், 2004இல், ஃபேன்டஸி விளையாட்டு இதழியலில் நீண்ட அனுபவம் கொண்ட கிரெக் அம்ப்ரோசியஸ் நேஷனல் ஃபேன்டஸி ஃபுட்பால் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கினார். 2008இல் ஃபேன்டஸி ஃபுட்பால் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் வந்தது. ஏறக்குறைய ஒரே ஆட்டக்காரர்களை, ஏறக்குறைய ஒரே வாரத்தில், மூன்று அமைப்பாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.

அந்தத் தேடல் நன்மையும் செய்தது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான டிராஃப்ட் பாம்பு வளைவதுபோல் திரும்பித் திரும்பிச் செல்வது; முதலிடத்தில் இருப்பவருக்கு 1, 24, 25ஆம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கும், பன்னிரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு 12, 13, 36 கிடைக்கும். தலைசிறந்த வீரரை முதலில் எடுத்தவருக்கு இது மிகுந்த சாதகம் தருகிறது என்ற குறையைப் போக்க, அம்ப்ரோசியஸின் போட்டி மூன்றாம் சுற்றின் வரிசையைத் திருப்பிப் போட்டது. அதனால் முதலிடத்தவருக்கு 1, 24, 36 என்றும், கடைசி இடத்தவருக்கு 12, 13, 25 என்றும் ஆயிற்று. எந்த இடத்தில் அமர விரும்புகிறோம் என்ற விருப்ப வரிசையை ஆட்டக்காரர்களே முன்கூட்டித் தரும் முறையையும் அதே போட்டி பரவலாக்கியது. மறுபுறம் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், மற்ற நிலைகளில் ஆடுபவர் பிடிக்கும் பந்துக்கு 1 புள்ளியும், டைட் எண்ட் நிலையில் ஆடுபவர் பிடிக்கும் பந்துக்கு 1.5 புள்ளியும் தந்து, அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு நிலைக்கு மதிப்பைக் கூட்டியது. இரண்டு போட்டிகளுக்கும் தயாராவது இரண்டு வேறு தேர்வுகளுக்குப் படிப்பதற்கு ஒப்பானது. இப்படி விதிகளின் நுட்பத்தில் மோதிக்கொண்ட காலமே இந்தத் துறையின் மிகச் சிறந்த காலம் என்பது என் உறுதியான கருத்து.

பரிசுத் தொகையில் மோதிக்கொள்வது வேறு கதை. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான இணையவழிச் சூதாட்டத் தடுப்புச் சட்டம், ஃபேன்டஸி விளையாட்டுகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளித்தது. பரிசுகள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு கட்டணம் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து அவற்றின் மதிப்பு அமையக் கூடாது. வெற்றி தோல்வி ஆட்டக்காரரின் அறிவையும் திறமையையும் காட்ட வேண்டும். முதல் இரண்டு நிபந்தனைகளின் விளைவை எண்ணிப் பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஓர் அமைப்பாளர் 2,000 டாலர் கட்டணத்தில் 1,200 அணிகளை எதிர்பார்த்து, மொத்தம் 20 லட்சம் டாலர் பரிசு அறிவிக்கிறார். எதிர்பார்த்தபடி நடந்தால் வசூல் 24 லட்சம். செலவு போக இலாபம் உண்டு. போட்டியாளர் ஒருவர் தம் முதல் பரிசை உயர்த்தியதால் 300 அணிகள் அங்கே சென்றுவிட்டால், வசூல் 18 லட்சமாகச் சுருங்குகிறது. அறிவித்த பரிசைக் குறைக்க முடியாது. 2 லட்சம் பற்றாக்குறையோடு, டிராஃப்ட் நடக்கும் கூடத்தின் வாடகையும் ஊழியர் சம்பளமும் கணினிச் செலவும் சேர்ந்து நிற்கின்றன.

இத்தகைய பற்றாக்குறையை ஆட்டக்காரர்கள் ஓவர்லே என்பார்கள். கட்டியதைவிட அதிகம் பரிசாக வெளியே வருவதால், அதைத் தேடிச் சென்று சேர்பவர்களும் உண்டு. மூலதன வலுவுள்ள நிறுவனத்துக்கு அது விளம்பரச் செலவு. மூலதனம் இல்லாதவருக்கு முன்னால் இருப்பது ஒரே வழிதான்: அடுத்த பருவத்தின் கட்டணத்தை எடுத்து இந்தப் பருவத்தின் வெற்றியாளருக்குக் கொடுப்பது. அடுத்த ஆண்டு அதே பள்ளத்தை மூட, அவர் இன்னும் பெரிய பரிசை அறிவித்து இன்னும் அதிகம் பேரை ஈர்க்க வேண்டும். ஆகவே, திடீரென்று உயரும் முதல் பரிசைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் அச்சமே வருகிறது.

முதல் பரிசு உயர்வதற்கு இன்னொரு விலையும் உண்டு. அது மற்றவர்களின் பங்கிலிருந்து வருகிறது. டிராஃப்ட்டோடு வேலை முடிந்துவிடும் பெஸ்ட் பால் வகைப் போட்டிகளில் இது தெளிவாகத் தெரியும். அண்டர்டாக் நிறுவனம் 2022ஆம் ஆண்டு நடத்திய பெஸ்ட் பால் மேனியாவில் 25 டாலர் கட்டணத்தில் 4,51,200 அணிகளுக்கு இடமிருந்தது. மொத்தப் பரிசு 1 கோடி டாலர், முதல் பரிசு மட்டும் 20 லட்சம் டாலர். நாலரை லட்சம் அணிகளில் ஒன்றுக்கே பரிசுப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 25 டாலர் கட்டியவருக்கு அது ஒரு கனவின் விலையாக இருக்கலாம். 2,000 டாலர் கட்டி, நான்கு மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காயப் பட்டியல்களைப் படித்து, புதன்கிழமை இரவு மூடிய ஏலத்தில் மாற்று வீரர்களை எடுப்பவருக்கு, லீக் பரிசு கணிசமாக இருப்பதுதான் நியாயம். பழைய பெருந்தொகைப் போட்டிகளும் முதலிடத்திலேயே பணம் குவியும் அந்த அமைப்பை நோக்கி நகர்வதை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

பெரு நிறுவனங்களின் மோதலையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2009இல் தொடங்கிய ஃபேன்டூயலும் 2012இல் தொடங்கிய டிராஃப்ட்கிங்ஸும், பருவம் முழுக்கக் காத்திராமல் ஒரு நாள் அல்லது ஒரு வார ஆட்டங்களிலேயே முடிவு தெரியும் அன்றாடப் போட்டிகளைக் கொண்டுவந்து, 2015ஆம் ஆண்டுப் பருவத்தில் தொலைக்காட்சியை விளம்பரங்களால் நிறைத்தன. அதே பருவத்தில், டிராஃப்ட்கிங்ஸ் ஊழியர் ஒருவர் ஃபேன்டூயலில் 3,50,000 டாலர் வென்ற செய்தி வெளியானது. அவருக்கு உள்தகவலால் பயன் கிடைக்கவில்லை என்று பின்னர் நடந்த உள்விசாரணை கூறினாலும், நவம்பரில் நியூயார்க் தலைமை வழக்கறிஞர் இரு நிறுவனங்களையும் தம் மாநிலத்தில் செயல்படுவதை நிறுத்தும்படி ஆணையிட்டார். 2016இல் இரண்டும் இணைய முடிவெடுத்தன. இணைந்தால் அன்றாடப் போட்டிச் சந்தையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே கையில் சேரும் என்று மத்திய வர்த்தக ஆணையம் எதிர்த்ததால், 2017 ஜூலையில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இந்தப் புயலில் சிறிய அமைப்பாளர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 2016 மார்ச்சில் வர்ஜீனியா மாநிலம் ஃபேன்டஸி போட்டிகளை ஒழுங்குபடுத்தும் முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. ஆட்டக்காரர்களின் பணத்தை நிறுவனத்தின் செலவுப் பணத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்றும், ஆண்டுதோறும் வெளித் தணிக்கை நடக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நான் ஆண்டுக்கணக்கில் விரும்பியது இதுவேதான். ஆனால் அதே சட்டம் பதிவுக் கட்டணமாக 50,000 டாலரையும் வைத்தது. இரண்டு பெரு நிறுவனங்களுக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவுகூட இல்லை; சில நூறு அணிகளை மட்டும் நடத்தும் ஒருவருக்கோ அது ஆண்டு வருமானம். நாணயமாக நடந்துகொண்ட சிறியவர்களும் பதிவுச் சுமையால் விலகிக்கொள்ள நேர்வது ஆட்டக்காரர்களுக்கு இழப்பே. கட்டணம் அமைப்பாளரின் அளவுக்கு ஏற்பவும், பணத்தைப் பிரித்து வைக்கும் கடமை எல்லோருக்கும் ஒன்றாகவும் இருந்திருக்க வேண்டும்.

விதிப்புத்தகத்தின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது 2023 ஜனவரி 2 அன்று. பஃபலோ, சின்சினாட்டி அணிகள் மோதிய ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் பஃபலோ வீரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் மயங்கி விழுந்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டுப் பின்னர் ரத்து செய்யப்பட்டது. அவர் பிழைக்க வேண்டும் என்பதே அன்றிரவு எல்லோருடைய எண்ணமும், அவர் நலம்பெற்று மீண்டும் ஆடியதில் எனக்கு இன்றும் நிறைவு. அந்த வாரம் 17ஆம் வாரம், அதாவது பெரும்பாலான ஃபேன்டஸி போட்டிகளின் இறுதி வாரம். அந்த இரு அணிகளின் முன்னணி வீரர்களான ஜாஷ் ஆலன், ஜோ பர்ரோ, ஜமார் சேஸ் ஆகியோரைத் தங்கள் ஃபேன்டஸி அணியில் வைத்திருந்தவர்கள் ஒரு கால் பகுதியைக்கூட நிறைவு செய்யாத புள்ளிகளோடு நின்றார்கள். முடிவடையாத ஆட்டத்துக்கு என்ன வழி என்று ஆகஸ்டிலேயே எழுதி வைத்திருந்தவர்களால் தங்கள் விதியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. எழுதி வைக்காதவர்கள் யாருக்குச் சாதகமாக முடிவெடுத்தாலும் மற்றவருக்கு அநீதியாகவே தோன்றியிருக்கும்.

கட்டணம் கட்டுவதற்கு முன்பு ஒவ்வோர் அமைப்பாளருக்கும் இப்போது மூன்று கேள்விகளை எழுதி அனுப்புகிறேன்: பரிசுப் பணம் தனிக் கணக்கில் உள்ளதா, அணிகள் குறைந்தால் பற்றாக்குறையை எதிலிருந்து ஈடுகட்டுவீர்கள், எந்தத் தேதிக்குள் பரிசு வழங்குவீர்கள். சென்ற ஆகஸ்டில் நால்வருக்கு எழுதினேன். ஒருவர் பதிலளிக்கவில்லை. ஒருவர் உயர்த்தப்பட்ட முதல் பரிசைப் பற்றிய விளம்பரத்தையே மறுபடியும் அனுப்பினார். மூன்றாமவர் முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்று எழுதினார். நான்காமவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, அரைமணி நேரம் பேசி, தனிக் கணக்கைப் பற்றித் தம் வங்கி தந்த கடிதத்தின் நகலையும் அனுப்பி வைத்தார். நால்வரில் மிகச் சிறிய முதல் பரிசு அவருடையதுதான். என் இரண்டு அணிகளையும் அவரிடமே பதிவு செய்தேன்.