கிடாரம் இறங்கிய நேரம்

பாடசாலை உணவுக்குப் பொறுப்பான ஆசிரியர், வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் பெண்ணிடம் காலையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "அக்கா, சோறு எத்தினை மணிக்கு இறக்கின நீங்க?" என்பதுதான். என்ன கறி, எத்தனை முட்டை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மட்டக்களப்பு வெக்கையில் சாப்பாடு பழுதாவதும், மிஞ்சுவதும், பிள்ளைக்கு உதவாமல் போவதும் பெரும்பாலும் நேரத்தால்தான்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை தொடங்கிவிட்டால் தாய் தகப்பன் விடிய முன்னம் வயலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஒரு பிளேன்ரீயோடு ஏழரைக்குப் பாடசாலைக்கு வரும். ஒன்பது மணியளவில் தலையை மேசையில் சாய்க்கும். கேட்டால் வயிற்றுக்குத்து, தலையிடி என்று சொல்லும். பசிக்குது என்று சொல்ல அதற்கு வெட்கம். அந்தப் பிள்ளைக்குப் பத்தரை மணி இடைவேளையில் கொடுக்கும் சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் காலையில் நடந்த கணிதமும் தமிழும் போனது போனதுதான். ஏழே முக்காலுக்கும் எட்டேகாலுக்கும் இடையில் சாப்பாடு முடிந்துவிடவேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிராம் அரிசி என்றால் நாலரைக் கிலோ. வெந்த பிறகு ஏறத்தாழ 12 கிலோ சோறு. பருப்பு 900 கிராம், துப்பரவாக்கிய கீரை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, நெத்தலிக் கருவாடு 600 கிராம். ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் முதலில் முட்டையை அவித்து எடுத்துவிடலாம். அடுத்தது சோறு, பக்கத்து அடுப்பில் பருப்பு. கீரையைக் கடைசியாக, ஆறே முக்காலுக்குத்தான் சட்டியில் போடவேண்டும். கௌபியோ கடலையோ என்றால் முதல்நாள் இரவே ஊறப்போட்டிருக்கவேண்டும். மறந்துபோய் காலையில் சுடுதண்ணியில் போட்டால் தோல் வெடிக்கும், உள்ளே கல்லாகவே இருக்கும். பிள்ளைகள் அதை மென்றுபார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள்.

பத்தரைக்குக் கொடுக்கும் பாடசாலைகளிலும் சமைப்பவர் நாலரைக்கே சோற்றை இறக்கிவிடுவதுண்டு. அவரும் ஒரு தாய். தன் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி அனுப்பவேண்டும். ஆறு மணித்தியாலம் மூடிக்கிடக்கும் சோற்றில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். அரிசியோடு வரும் ஒருவகைப் பக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. "சூடுகாட்டித்தான் கொண்டுவந்தேன் சேர்" என்ற பதில் உண்மையாக இருக்கலாம், ஆனால் அது பாதுகாப்பு இல்லை. சாப்பாடு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்விடவேண்டும். மூன்றாவது வழி எங்கள் பாடசாலைகளில் இல்லை.

மூடியைத் திறந்து பார்த்தாலே பாதிக்கதை தெரியும். கொதிக்கக் கொதிக்க இறுக்கி மூடிய கிடாரத்தில் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். தூக்கும்போது அது சோற்றில் வடியும். மேற்சோறு பிசுபிசுக்கும், கிளறினால் நூல்போல இழுக்கும். இழுக்கிற சோற்றைக் கொடுக்கக்கூடாது, எத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தாலும். வாட்டிய வாழையிலையைச் சோற்றின்மேல் விரித்து, அதற்குமேல் மூடியை வைத்தால் அந்தத் தண்ணீர் சோற்றில் இறங்காது. பருப்பில் தேங்காய்ப்பால் விட்டிருந்தால் அதுதான் முதலில் புளிக்கும். ஓரத்தில் நுரை, மூக்கில் ஒரு சுள்ளென்ற வாசம். பயணத் தூரம் கூடிய இடங்களில் பாலை விட்டுவிட்டு, தாளித்துக் கொட்டினாலே போதும்.

முட்டை தோலோடு வரவேண்டும். வீட்டிலே சூட்டோடு உரித்துப் பையில் கட்டினால் எட்டு மணிக்கே வழுவழுப்பு வந்துவிடும். வாங்கும்போது தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிடலாம்.

கழிவு வாளியைத் தினமும் பார்ப்பது நல்ல பழக்கம். கீரை அப்படியே கிடந்தால் பிள்ளையைக் குறைசொல்ல முன்னம் சட்டியை நினைக்கவேண்டும். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தனியாக வந்தால் முதலாம் ஆண்டுப் பிள்ளை தொடாது. முருங்கை இலையைப் பருப்போடு அவித்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடும். கழுவிய பிறகுதான் கீரையை அரியவேண்டும், தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விடவேண்டும். அந்தப் புளிதான் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேயிலை அதையே தடுக்கும். வாராந்த இரும்புச்சத்துக் குளிசையையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்கவேண்டும். வெறுவயிற்றில் கொடுத்து ஒரு பிள்ளை சத்தி எடுத்தால் அடுத்த கிழமை வகுப்பே வாயை மூடிக்கொள்ளும்.

வாளியில் நெத்தலியும் முட்டையும் கிடந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமையாக இருக்கும், அல்லது வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலமாக இருக்கும். மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் அன்று புழங்காத வீட்டுப் பிள்ளைக்கு முட்டை கொடுத்தால் அது வெறும் சோற்றோடு எழும்பிவிடும். அந்த நாள்களுக்குப் பயறோ கடலையோ என்று தவணைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தால் பிரச்சினை இல்லை. வரவும் அப்படித்தான். அறுவடை நாளிலும் மழை நாளிலும் 60 பேர் 40 ஆகலாம். இடாப்பில் உள்ள எண்ணுக்குச் சமைத்தால் மிச்சம், குறைத்துச் சமைத்தால் கடைசி வரிசைக்குக் கறி இல்லை. முதல்நாள் பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

கை கழுவுவதற்கும் நேரம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் என்றாலும் ஒரே குழாயில் 60 பேருக்கு அரை மணித்தியாலம். நீளமான பீவீசிக் குழாயில் ஆறு துளை போட்டு, ஒரு தாங்கியோடு இணைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

2024 மார்ச்சில் அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்தது மிகப் பெரிய காரியம். ஆனால் சமைக்கும் பெண் கடையில் கடன் சொல்லித்தான் சாமான் எடுக்கிறார். கொடுப்பனவு பிந்தினால் முதலில் தேங்காய் குறையும், பிறகு முட்டை சிறுக்கும், கடைசியில் நெத்தலி வாசத்துக்கு மட்டும் இருக்கும். அதைக் களவு என்று பேசுவது பெரிய அநியாயம். வரவுப் பதிவையும் சிட்டையையும் மாதக் கடைசியிலேயே முடித்து அனுப்புவது பாடசாலையின் கையில் இருக்கிறது. அதையாவது நாங்கள் பிந்தவிடக்கூடாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் ஒரு மாத விறகைக் கூரைக்குக் கீழே அடுக்க அவருக்கு இடம் கொடுப்பதும் அதே மாதிரித்தான். ஈர விறகு எரியாத நாளில் அரை அவியல் பருப்புத்தான் வரும்.

முட்டை நாளில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு பிள்ளை சோற்றை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, முட்டையைத் தொடாமல் காற்சட்டைப் பைக்குள் வைக்கும். தம்பிக்கு. அதைப் பறிக்கவும் கூடாது, எல்லாருக்கும் முன்னால் கேட்கவும் கூடாது. அடுத்தமுறை முட்டையை உரித்துப் பாதியாக வெட்டிச் சோற்றின்மேல் வைத்தால் பிள்ளை அங்கேயே சாப்பிடும். அன்று பின்னேரமே அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடவேண்டும். வீட்டில் இருக்கிற சின்னவன் நிறை குறைந்தவனாக இருந்தால் திரிபோஷா என்ற சத்துமா அவனுக்கு உரியது. அவனுடைய நிறை அட்டையை எடுத்துப் பார்க்க அவர் போவார்.