டைனோவும் யூவி விளக்கும்: சிங்கப்பூர் வீட்டில் ஒரு பவளத் தொட்டி

மார்ச் 2
நைட்ரேட் சுழி, பாஸ்பேட்டும் சுழி. டெஸ்ட் கிட்டில் நிறமே ஏறவில்லை. பவளத் தொட்டிக்கு இது சுத்தம் இல்லை, பட்டினி. பாசியும் பாக்டீரியாவும் தளர்ந்துபோன இடத்தில்தான் டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிரி, வந்து உட்காரும். வந்துவிட்டது. பாறை மேல் பழுப்புச் சளி, அதில் சிக்கிய குமிழிகள். காலையில் கொஞ்சம்தான் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் திட்டுத் திட்டாக வளர்ந்துவிடுகிறது. நத்தைகள் சோர்ந்து கவிழ்ந்து கிடக்கின்றன.

கொஞ்சம் சளியைப் புட்டியில் போட்டுக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, அந்தத் தண்ணீரை வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கூடி இழையாகிவிட்டது. இதே போலப் பழுப்பாகப் படியும் டயாட்டம் பாசி இப்படி மறுபடி ஒன்றுசேராது.

மார்ச் 4
பவளத் தொட்டிக்காரர்கள் குழுவில் கேட்டால் எல்லாரும் "யூவி வாங்கிப் போடு" என்கிறார்கள், தண்ணீரில் இருக்கும் கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கை. எந்த டைனோ என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

மகளின் பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு வைத்துப் பார்த்தோம். நீர்த்துளி வடிவம், ஒரு முனை கூர். சில ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நூலில் கட்டிய பொன்வண்டு போலச் சுற்றிச் சுற்றி வந்தன. "அப்பா, இது ஏன் கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்துது?" என்றாள். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை டைனோ. பாலிடாக்சின் வகை நஞ்சு கொண்ட இனங்கள் இதில் உண்டு, நத்தைகள் சோர்ந்ததற்குக் காரணம் புரிந்தது. இனி கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடுவதில்லை.

ஒரு வகையில் நல்ல செய்திதான். இது இரவில் பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கப் போகும். மிதப்பதை மட்டும்தான் யூவியால் தொட முடியும்.

மார்ச் 7
18 வாட் விளக்கு வாங்கினேன். 200 லிட்டர் தொட்டி, டைனோவுக்கு 11 லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொழுதுபோக்காளர்கள் வைத்திருக்கும் கணக்கு. கடைக்காரர் 9 வாட் போதும் என்றார். தண்ணீர் தெளிவுக்குப் போதுமாக இருக்கலாம், இதற்குப் போதாது.

உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு, 254 நானோமீட்டர் அலைநீளம். அந்த ஒளி செல்லின் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின்களைப் பிணைத்துவிடுகிறது, செல்லால் பெருக முடிவதில்லை. சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியைத் தடுத்துவிடும் என்பதால்தான் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாய். தண்ணீர் வேகமாக ஓடினால் ஒளி படும் நேரம் குறையும். அதனால் பம்பைக் குறைத்து மணிக்கு 400 லிட்டர் அளவில் வைத்தேன்.

விளக்கைச் சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) வைக்கவில்லை. டைனோ மிதப்பது மேல் தொட்டியில், அங்கிருந்தே நேராக இழுத்து அங்கேயே விடுகிறேன். குழாய்கள் அசிங்கமாகத் தொங்குகின்றன. மனைவி முகம் சுளித்தாள். தற்காலிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

விளக்கை வெளியே எடுத்து எரிய வைத்துப் பார்க்கிற ஆசை சிலருக்கு வரும். வேண்டாம், கண் வெந்துவிடும்.

மார்ச் 8
யூவி மட்டும் போதாது, பட்டினியும் தீர வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 5 பிபிஎம்முக்கு ஏற்றுகிறேன், பாஸ்பேட்டை 0.05க்கு. பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓவை எடுத்தாயிற்று. ராத்திரி விளக்கு அணைந்ததும் பாறைச் சளியைக் கிளறி விட்டேன்.

மார்ச் 15
சாயங்காலத் திட்டுகள் மெலிந்துவிட்டன. தண்ணீரில் அந்த லேசான மஞ்சள் மங்கல் போயிருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வழக்கத்தைவிட அடிக்கடி ஓடுகிற மாதிரி தெரிகிறது, விளக்கின் சூடாக இருக்கலாம்.

மார்ச் 21
வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இது மருந்தாகுமா என்று இன்று ஒருவர் கேட்டார். ஆகாது. மீன் உடம்பில் புதைந்திருக்கும் கிரிப்டோகாரியான், அந்த நோயின் ஒட்டுண்ணி, விளக்குப் பக்கமே வராது, மணலில் கூடு கட்டியதும் வராது. கூடு உடைந்து, மீனைத் தேடி நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில் குழாய்க்குள் போனது சாகும். தொற்றின் வேகம் குறையலாம், மீன் குணமாகாது. தனித்தொட்டியில் வைத்துத் தாமிர மருந்து கொடுப்பதுதான் வழி.

ஏப்ரல் 6
பாறையில் பழுப்பு இல்லை, கண்ணாடியில் பச்சைப் பாசி. பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஆள் நான் ஒருவன்தான். குவார்ட்ஸ் குழாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது, வினிகரில் ஊற வைத்துத் துடைத்தேன். விளக்கின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், ஒரு வருஷம் சொச்சம். அதற்கப்புறமும் நீலமாக எரியும், ஆனால் யூவி குறைந்திருக்கும். மாற்றும் தேதியைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டினேன்.

ஏப்ரல் 13
யீஷுன் பகுதியில் இருக்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, எனக்கும் டைனோ. உங்க யூவியைக் கொஞ்ச நாள் தாங்களேன்." எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மணலில் மட்டும், பாறையில் இல்லையாம், நத்தைகளும் நன்றாக இருக்கின்றனவாம். கேட்டால் ஆம்ஃபிடினியம் என்ற வேறு வகை டைனோ மாதிரி இருக்கிறது. அது ராத்திரியிலும் மணலை விட்டுப் பெரிதாக எழும்பாது, யூவி வீண். விளக்கு தர ஆட்சேபணை இல்லை. முதலில் மணலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வா, நுண்ணோக்கியில் பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை வருகிறான்.