கிரிண்டெல்வால்டில் இன்னொரு அகதிக் குடும்பம்

சுவிஸில் தஞ்சம் கேட்டுப் போன அலுவலகத்தில் என் தொழில் என்ன என்று கேட்டார்கள். நாயனம் வாசிக்கிறது என்றேன். மொழிபெயர்க்க வந்த தம்பி தன்னால் முடிந்த மட்டும் விளக்கினான், கையால் ஊதியும் காட்டினான். அலுவலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொழில் இல்லை" என்று எழுதி முத்திரை குத்தினார். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்து, பால்பல் விழ முன்னமே நாயனத்தில் ஊதுகிற சீவாளியை வாயில் வைத்தவனுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்!

அது 1990. அப்புறம் கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் ஐகர் மலை முகத்துக்கு நேரே நிற்கும். அந்த நாளில் வாத்தியார், கமக்காரர், தபால்காரர் என்று நம்மாட்கள் எல்லாரும் சுவிஸில் ஒரே தொட்டியில்தான் கை நனைத்தோம். அங்கே தலைமைச் சமையல்காரர் நல்ல மனிசன். ஒருநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார்: "உன்னைப்போலத் தஞ்சம் கேட்டு வந்த ஒரு புருசன் பெண்சாதி இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம் வென்றவர்கள்."

லுட்மிலா பெலோசோவா, ஓலெக் புரோட்டோபோபோவ். பனித்தளத்தில் இசைக்கு ஜோடியாகச் சறுக்கி ஆடியவர்கள். 1964 இன்ஸ்ப்ரூக், 1968 கிரெனோபிள், இரண்டிலும் தங்கம். 1965 முதல் 1968 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன். ஜோடிச் சறுக்கில் சோவியத்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் இவர்களுடையதுதான். அதில் தொடங்கிய வரிசை 2006 வரை ரஷ்யர்களின் கையை விட்டுப் போகவேயில்லை. இத்தனைக்கும் ஓலெக் சறுக்கத் தொடங்கியது 15 வயதில், அவர் மனைவி லுட்மிலா 16 வயதில். எங்கள் ஊரில் அந்த வயதில் ஒருவன் நாயனம் பழக வந்தால், போய் வேறு வேலை பார் தம்பி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஓலெக்கின் தாய் பாலே ஆடியவர். சிறுவனாக லெனின்கிராட் முற்றுகையின் பசியைக் கடந்தவர் ஓலெக், பியானோவும் பழகியவர். அந்த இசைஞானம் ஆட்டத்தில் தெரியும். இன்ஸ்ப்ரூக்கில் இசையமைப்பாளர் லிஸ்டின் 'காதல் கனவு' இசைக்கு ஆடினார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள், அவசரமே இருக்காது, ஆலாபனை மாதிரி விரிந்துகொண்டு போகும். மரணச் சுழல் என்று ஒன்று உண்டு: ஆண் ஒரு காலை ஊன்றி நடுவில் நிற்க, அவன் கையைப் பிடித்தபடி பெண் பின்னால் சாய்ந்து, தலைமுடி பனியைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து வட்டமிடுவாள். முன்பு இதில் ஒரே வகைதான் இருந்தது. சறுக்குக் கத்தியின் எந்த விளிம்பில், முன்னோக்கியா பின்னோக்கியா சுற்றுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்து, இவர்கள் இன்னும் மூன்று வகை கொண்டுவந்தார்கள்.

பிறகு காலம் மாறியது. வேகமும் பாய்ச்சலும்தான் பெரிதென்று ஆனது. 1969இல் இளைய ஜோடி முந்திக்கொண்டது, 1972 ஒலிம்பிக்குக்கு இவர்களைத் தெரிவு செய்யவேயில்லை. வயது போய்விட்டது, ஒதுங்குங்கள் என்பதுதான் பேச்சு. 1979 செப்டம்பரில் சுவிஸுக்கு ஆட வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவருக்கு 47, அவர் மனைவிக்கு 43. ஊரில் அவர்களுடைய பட்டங்களைப் பறித்தார்கள், புத்தகங்களிலிருந்து பெயரை எடுத்தார்கள். எனக்கு இதைக் கேட்டு நெஞ்சு அடைத்தது. அவர்களுக்குப் பெயரை அழித்தது சொந்த நாடு, எனக்குத் தொழிலை அழித்தது வந்த நாடு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: அவர்களுக்கு இங்கே பனி இருந்தது.

எனக்கு என்ன இருந்தது? அடுக்குமாடியில் இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது, மத்தியானமும் கூடாது, ஞாயிறு அறவே கூடாது. நாயனமோ கோயில் வீதிக்கென்று செய்த வாத்தியம்! கடைசியில் வீட்டுக் காவலாளியைக் கெஞ்சி, கீழே அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கறையின் சாவியை வாங்கினேன். இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் அப்படி ஒன்று இருக்கும், ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு. அதைச் சாத்திக்கொண்டு தோடியை எடுப்பேன். ஹீட்டர் சூட்டில் சீவாளி காய்ந்து வெடிக்கும், தேநீரில் நனைத்து நனைத்துத்தான் வாசிக்க வேண்டும். குண்டுக்கு ஓடி வந்தவன் குண்டறையில் இருந்து வாசிக்கிறான் என்று என் மனிசி சொல்லிச் சிரிப்பா. எனக்கும் சிரிப்பு வரும்.

இப்போது சுவிஸ் பழகிவிட்டது. பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளைகள் பெர்ன் ஜெர்மன்தான் கதைக்கிறார்கள், ஊர் நினைப்பு முந்தி மாதிரி இல்லை. ஆனால் ஆடி மாதம் பிறந்தால் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழா நினைப்பு வந்துவிடும், சாமி வெளியே வரும்போது மல்லாரி எடுக்கும் அந்த நேரம், தோளோடு தோள் முட்டி நிற்கும் தவில்காரர், கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை. அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

ஓலெக்கும் லுட்மிலாவும் 2003இல்தான் ரஷ்யாவுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதற்காக இங்கே ஆடுவதை நிறுத்தவில்லை. 2015இல் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் ஆடினார்கள், ஓலெக்குக்கு 83, லுட்மிலா அம்மாவுக்கு 79. பாய்ச்சல் இல்லை, தூக்கல் இல்லை, கையும் கழுத்தும் மட்டும் பேசுகின்றன. நான் அழுதுவிட்டேன். அம்மா 2017இல் போனார், அவர் 2023இல் இன்டர்லாக்கனில். ஒருநாளும் நேரில் போய்க் கும்பிடவில்லையே என்பது எனக்குப் பெரிய கவலை.

பெர்ன் ஞானலிங்கேச்சுரர் கோயிலில் இப்போது அவ்வப்போது வாசிக்கிறேன். இங்கே பிறந்த பெடியள் மூன்று பேர் சனிக்கிழமைகளில் பதுங்கறைக்குப் பழக வருகிறார்கள். அந்த 2015 வீடியோவை அவர்களுக்கும் போட்டுக் காட்டினேன். மூத்தவனுக்கு விரல் நல்லது, மூச்சுத்தான் மல்லாரியின் நடுவில் அறுகிறது. திருவிழாவுக்குள் அதைச் சரிப்படுத்த வேண்டும்.