வெள்ளை ஐ.எஃப்.டி. அசையவில்லை: மூன்றாம் வாரம்

மூன்று வாரமாக மல்லுக்கட்டியும் ஒரு பழைய ரேடியோவின் வெள்ளை ஐ.எஃப்.டி. (நிலையத்தைப் பிரித்தெடுக்கும் சிறு காயில்களில் ஒன்று; தலையில் திருகு இருக்கும்) அசையவில்லை. ஆனாலும் நேற்று ரேடியோ பேசிவிட்டது. எப்படி என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

சேலத்தில் மேல்நிலைப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், 1986 கோடை விடுமுறையில் தன் கையால் கட்டிய ரேடியோ இது. போன புரட்டாசியில் அவன் போய்விட்டான். காரியத்துக்கு ஏற்காடு போயிருந்தபோது, அவன் மனைவி இதையும் ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்து வைத்தார். “வேறு யாரிடம் கொடுப்பேன், அண்ணா? உள்ளே உங்கள் பெயரும் எழுதியிருக்கிறது” என்றார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பென்சிலில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தன. நான் ஈயக்கம்பி பிடித்துக் கொடுத்ததோடு சரி. உழைப்பெல்லாம் அவனுடையது.

காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகடுகளைச் சுரண்டினேன். ஓஏ79 டயோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏசி187, ஏசி188 டிரான்சிஸ்டர் ஜோடியும் அப்படியே. பிஎஃப்195 டிரான்சிஸ்டர் ஒன்று மட்டும் செத்திருந்தது. இணையத்தில் வாங்கிய ஐந்தில் மூன்றுக்குக் கால் வரிசையே வேறு, காசு தண்டம். கடைசியில் என் பழைய போர்டு ஒன்றிலிருந்து பிடுங்கிப் போட்டேன்.

டிரான்சிஸ்டரை மாற்றினால் ஐ.எஃப்., அதாவது எந்த நிலையத்தையும் ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண், விலகும். மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஐ.எஃப்.டி. மூன்றின் திருகையும் திருப்பிச் சரியான அதிர்வெண்ணில் மறுபடி வைத்தாக வேண்டும். மூன்றின் தலையிலும் அவன் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியிருந்தான். அதைச் சுரண்ட எனக்கு இரண்டு நாள் மனம் வரவில்லை.

இரும்பு ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டால் காயிலின் அளவே மாறிவிடும். வெளியே எடுத்ததும் பழைய இடத்துக்கு ஓடும். போதாததற்குத் திருகாக இருக்கும் ஃபெரைட் பொடிந்துவிடும். இதைப் பதினேழு வயதில் எனக்குச் சொன்னவன் அவன்தான். பழைய பல் பிரஷ்ஷின் பிடியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து உளிபோல் ஆக்குவான். அந்தப் பச்சைப் பிடி பிஸ்கட் டின்னில் இருந்தது. நுனி மழுங்கியிருக்கிறது. அதைத் தேய்க்காமல், அதே அளவுக்கு என் பிரஷ் ஒன்றைத் தேய்த்துக்கொண்டேன்.

முடி உலர்த்தியில் லேசாகச் சூடுகாட்டியதும் மஞ்சளும் கறுப்பும் இளகின. வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டரில் புத்தகப்படி 455 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து இரண்டையும் வைத்தேன். வெள்ளையில் மெழுகு மரைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. இன்னும் அழுத்தினால் பிளந்துவிடும். ஒலியோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இப்படியே மூன்று வாரம்.

நேற்று மற்ற இரண்டையும் விலக்கிவைத்துவிட்டு, வெள்ளை எந்த இடத்தில் உச்சம் காட்டுகிறது என்று தேடினேன். 468! அப்போதுதான் உறைத்தது. அந்த வயதில் அவனிடம் ஜெனரேட்டர் ஏது? ராத்திரியெல்லாம் திருச்சி நிலையத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காதாலேயே வைத்தான். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திருந்தால் போதும், 455-தான் வேண்டும் என்பதில்லை. மஞ்சளையும் கறுப்பையும் 468-க்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது.

சேலத்தில் என் வீடு இருக்கும் அஸ்தம்பட்டியில் எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் போடும் இரைச்சலில் மத்திய அலை எதையும் ஒழுங்காகக் கேட்க முடியாது. அதனால் மாலையிலேயே பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மடியில் ரேடியோவோடு, ஏற்காட்டில் அவன் வீட்டுக்கே போய்விட்டேன்.

டயல் நூல் நைந்திருக்கிறது. அம்மாப்பேட்டையில் அவன் அப்பா தறியிலிருந்து எடுத்து முறுக்கிய பட்டு நூல் அது. அடுத்து அதைத்தான் மாற்ற வேண்டும். நைலான் போட மாட்டேன். தறிக்காரர் ஒருவரிடம் பட்டுக்கே சொல்லிவைத்திருக்கிறேன். பெட்டியின் மூலையும் பெயர்ந்திருக்கிறது. டயலில் நிலையம் விழும் இடத்தைத் தீர்மானிக்கும் சிவப்பு ஆசிலேட்டர் காயிலையும் திருத்த வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பிரஷ் பிடியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

திண்ணையில் வைத்துத் திருப்பினேன். வீட்டில் 455-இல் வைத்திருந்தபோது திருச்சி ஒரு நூல் தள்ளியே விழுந்தது. இப்போது 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி தெளிவாக வந்தது. ஊசி, டயல் தாளில் அவன் நீல மையில் ‘திருச்சி’ என்று எழுதி இட்டிருந்த புள்ளியின்மேலேயே நின்றது. சிவப்பின் மெழுகை நான் தொடவில்லை. அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து, செய்தி முடியும்வரை நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.